பலகையில் மீன், கோப்பையில் சோயா: முதியோர் இல்லச் சாப்பாட்டு அட்டவணையைச் சரியாக வைத்திருப்பது எப்படி?

குளக்கட்டு:

கிளிநொச்சிப் பக்கத்தில் 34 பேர் இருக்கிற ஒரு முதியோர் இல்லம். சமைக்க ஒரு அக்கா, உதவிக்கு ஒராள், பரிமாற இரண்டு பராமரிப்பாளர். 11 பேருக்குச் சீனி வருத்தம், அதில 4 பேர் இன்சுலின் போடுகினம். 3 பேருக்குச் சிறுநீரக வருத்தம், அதில ஒராள் டயாலிசிசுக்குப் போறவர். 4 பேருக்கு மசிச்ச சாப்பாடு. 6 பேர் தனிச் சைவம்.

சாப்பாட்டு மண்டபத்தில கிழமை அட்டவணை எழுதிக் கிடக்கு. திங்கள் மீன்குழம்பு எண்டு இருக்கும், வாறது சோயா. வியாழன் முருங்கை இலை வறை எண்டு இருக்கும், வாறது பூசணிக்காய்ப் பால்கறி. மாத்தினது ஏன் எண்டோ, யாருக்கு என்ன போனது எண்டோ எழுத்து ஒண்டும் இல்லை. மசிச்ச கோப்பையும் சாதாரணக் கோப்பையும் மாறிப் போறதும் நடக்குது. இதோட கிழமைக்கு இரண்டு மூண்டு நாள் வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் பிறந்தநாள், திவசம் எண்டு மத்தியானச் சாப்பாடு குடுக்கிறவை. அந்த நாளில அட்டவணை முழுக்கக் கவிழுது.

கணினி இல்லை, கொப்பியும் பேனையும்தான். அட்டவணையை எப்பிடிப் போட்டால் அதன்படி நடக்கும்? சரியான கோப்பை சரியான ஆளிட்டைப் போறதை எப்பிடி உறுதி செய்யிறது? இந்த வேலை தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

கிடாரம்:

தம்பி, முதலில அட்டவணையைப் பாருங்கோ, சமைக்கிற பிள்ளையில பிழை தேடாதேங்கோ. வன்னியில வருசம் முழுக்க ஒரே அட்டவணை ஓடாது. கார்த்திகை, மார்கழியில வாடைக்காத்தோட முல்லைத்தீவுக் கடல் கொந்தளிச்சால் மீன் வராது, வந்தாலும் விலை தொடேலாது. அதே மழைக்குள்ள மரக்கறியும் அழுகும். அதால இரண்டு அட்டவணை வேணும்: மழைக்காலத்துக்கு ஒண்டு, வெயில் காலத்துக்கு ஒண்டு. ஒவ்வொண்டும் மூண்டு கிழமைச் சுற்று. ஒரு கிழமைச் சுற்றெண்டால் செவ்வாய்க்கிழமை விடியவே "இண்டைக்குக் கத்தரிக்காய்" எண்டு முகம் சுழிப்பினம்.

மீனின்ரை பேரை எழுதாதேங்கோ. "விளைமீன் குழம்பு" எண்டு எழுதினால் சந்தையில பாரை கிடைச்ச நாளும் அட்டவணை பொய். "மீன்குழம்பு" எண்டு எழுதுங்கோ. கீரையும் அப்பிடித்தான், "இலை வறை" போதும், முருங்கையோ பொன்னாங்காணியோ கிடைச்சதைப் போடலாம். ஆனால் மீனுக்குப் பதில் பூசணிக்காய் வரக்கூடாது. மாத்திறதெண்டால் அதே வேலை செய்யிற சாமானால மாத்தவேணும். குசினிச் சுவரில இதை எழுதி ஒட்டுங்கோ: ஒராளுக்குத் துப்புரவாக்கின மீன் 80 கிராம். அது இல்லையெண்டால் முட்டை 2, இல்லையெண்டால் காய்ஞ்ச சோயா 30 கிராம், இல்லையெண்டால் கௌப்பியோ பருப்போ பச்சையா 60 கிராம். முட்டை மட்டும் கொஞ்சம் குறையும், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட 15 கிராம் புரதம் தரும். நெத்தலிக் கருவாடு 25 கிராமிலயும் அவ்வளவு புரதம் கிடைக்கும். ஆனால் அதின்ரை உப்பு பிரஷர் ஆக்களுக்கும் கிட்னி ஆக்களுக்கும் ஆகாது, அதால அதை மாற்றுப் பட்டியலில சேர்க்காதேங்கோ.

அளவில நிறைய இடத்தில பிழை விடுகினம். 34 பேருக்கு மத்தியானம் அரிசி 3 கிலோ, ஆளுக்குக் கிட்டத்தட்ட 90 கிராம். ஒரு கிலோ அரிசி வெந்தால் அரிசிக்கும் தண்ணிக்கும் ஏற்ப இரண்டரை முதல் மூண்டு கிலோச் சோறு வரும். முழு மீனெண்டால் தலை, செதில், குடல் போக அரைவாசியைவிடக் கொஞ்சம் கூட மிஞ்சும். அதால சைவ ஆக்கள் 6 பேர் போக மிச்சம் 28 பேருக்கு 4 கிலோ வாங்கவேணும். மூண்டு கிலோ வாங்கிப்போட்டுத் துண்டைச் சின்னனா வெட்டினால் அட்டவணையில மீன் எண்டுதான் இருக்கும், கோப்பையில வாசம்தான் இருக்கும்.

அகப்பையை ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ. சோத்தை ஐஞ்சு அகப்பை ஒரு சட்டியில போட்டு, சட்டியின்ரை பாரத்தைக் கழிச்சு, ஐஞ்சால பிரியுங்கோ. ஒரு அகப்பை 120 கிராம் எண்டு வந்தால் ஆளுக்கு இரண்டு எண்டு குசினிக் கதவில எழுதிவிடுங்கோ. பிறகு அந்த அகப்பையை வேற அகப்பையோட மாத்தக் கூடாது, பிடியில சிவப்பு நூல் கட்டி வையுங்கோ. அகப்பை மாறின நாளில கடைசி ஐஞ்சு பேருக்குச் சோறு காணாமல் போறது இதாலதான்.

மூன்றாம்_வாட்டு:

கோப்பை மாறுவதைப் பற்றி. ஆளுக்கொரு அட்டை போடுங்கள், பாதி ஏ4 அளவு போதும். பெயர், கட்டில் இலக்கம், சைவமா மச்சமா, சாப்பாட்டின் பதம் (சாதாரணம், மென்மை, கொத்தியது, மசித்தது), சீனி, உப்பு, ஒவ்வாமை, சாப்பிட மாட்டேன் என்று சொன்ன சாமான். மருந்துப் பெயர்கள் வேண்டாம், "சாப்பாட்டுக்கு முன் ஊசி" என்று மட்டும் போதும். அட்டையின் அடியில் திகதி இருக்க வேண்டும். கிளினிக்கால் வந்த அன்றே கிளினிக் கொப்பியைப் பார்த்து அட்டையைத் திருத்த வேண்டும். நான் அறிந்தவரை பிழைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார், கொப்பி அலுமாரிக்குள் இருக்கும், குசினிக்குச் செய்தி போயிருக்காது.

கோப்பை போடும்போது அட்டை கோப்பைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். போடுபவர் அட்டையைச் சத்தமாக வாசிக்கிறார்: "கட்டில் 12, மசித்தது, சைவம்." கொண்டுபோகிறவர் கோப்பையைப் பார்த்து "மசித்தது, சைவம்" என்று திருப்பிச் சொல்கிறார். கட்டிலடியில் ஆளின் பெயரைக் கேட்கிறார். மறதி வருத்தம் உள்ளவரிடம் "நீங்கள் இன்னாரா?" என்று கேட்டால் யாருடைய பெயருக்கும் ஓம் என்பார், அதனால் அவர்களுக்குக் கட்டில் தலைமாட்டில் படம் ஒட்டுங்கள். 34 கோப்பைக்கு இதனால் 10 நிமிடம் கூடச் செலவாகும். அந்த 10 நிமிடத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மசித்த சாப்பாட்டுக்கு நிறம் வேறான கோப்பை வாங்குங்கள். நிற நாடா ஒட்டினால் சுடுதண்ணீரில் கழன்றுவிடும்.

இப்போது இன்சுலின். 30/70 கலவை மனித இன்சுலினைச் சாப்பாட்டுக்குச் சுமார் 30 நிமிடம் முன்னால் போடுவது வழக்கம். ஊசி மணிக்கூட்டைப் பார்த்துப் போடப்படுகிறது, சாப்பாடு வாகனத்தைப் பார்த்து வருகிறது. விசேட சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தினால் ஆள் வியர்த்து, நடுங்கி, கதை குழறத் தொடங்குவார். விதி ஒன்றுதான்: சாப்பாடு குசினிக்குள் வந்து மூடி திறந்து பார்த்த பிறகே ஊசி. சீனியைக் குறைக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் குளிசை எடுப்பவர்களுக்கும் பிந்திய சாப்பாடு ஆபத்துத்தான். இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே போனால், விழுங்கக்கூடிய நினைவில் இருந்தால், 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறியதும் சாப்பாடு கொடுங்கள். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதுவும் விடாமல் உடனே ஆஸ்பத்திரி.

தைரொயிட்டுக்கான தைரொக்சின் குளிசை வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலமாவது முன்னால். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு கொடுக்க வேண்டாம், உடம்பில் சரியாகச் சேராது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்குக் கீரையை நிற்பாட்டத் தேவையில்லை, கிழமைக்குக் கிழமை அளவு ஒரே மாதிரி இருந்தால் சரி. "இலை வறை" நாளில் கறி மாறினால் அவரைப் பாதிக்கும் என்பதையும் அட்டவணை போடுபவர் நினைவில் வைக்க வேண்டும்.

மெல்லுணவு:

மசித்த சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மேலே உள்ள பிழைகளில் உயிரை உடனே எடுக்கக்கூடியது இதுதான்.

"மசித்தது" என்ற ஒரு சொல் போதாது. விழுங்கச் சிரமப்படுவோரின் சாப்பாட்டுப் பதத்துக்கு உலக அளவில் பயன்படும் ஐ.டி.டி.எஸ்.ஐ. (IDDSI) அளவுகோலில் 0 முதல் 7 வரை படிகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது மூன்று. 4 ஆம் படி கட்டியில்லாமல் மசித்தது. 5 ஆம் படி கொத்தி ஈரமாக்கியது, துண்டுகள் 4 மில்லிமீற்றருக்கு மேல் அகலம் இருக்கக் கூடாது, அதாவது முள்ளுக்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. 6 ஆம் படி மென்மையான சிறு துண்டு, ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேற்படாமல். யாருக்கு எந்தப் படி என்பதை ஆஸ்பத்திரியில் விழுங்கலைப் பார்த்தவர் சொல்ல வேண்டும், குசினி தீர்மானிக்கக் கூடாது.

4 ஆம் படியைச் சோதிக்க ஒரு கரண்டியில் எடுத்துச் சரியுங்கள். ஒரே கட்டியாக வழுக்கி விழ வேண்டும், கரண்டியில் மெல்லிய படலம் மட்டும் மிஞ்சலாம். ஒட்டிப் பிடித்துக்கொண்டு விழாவிட்டால் அது தொண்டையிலும் ஒட்டும். தண்ணீர் பிரிந்து ஓடினாலும் தவறு.

நம் சாப்பாட்டில் பிட்டு மிக ஆபத்தானது. உதிரி உதிரியாகப் போய் மூச்சுக்குழாய்க்குள் விழும், குழம்பு ஊற்றிக் குழைத்தாலும் நடுவில் காய்ந்த மணி இருக்கும். 4, 5 ஆம் படி ஆட்களுக்குப் பிட்டு நாளில் வேறொன்று அட்டவணையிலேயே எழுதியிருக்க வேண்டும். இடியப்பமும் சொதியும் அதே வகைத் தொல்லை: சொதி முன்னால் ஓடிவிடும், நூல் பின்னால் நிற்கும். பாண் வாயில் பசையாக உருளும். சோற்றை அப்படியே மிக்சியில் அடித்தால் கோந்து மாதிரி வரும். அதனால் அரிசியை ஒன்றுக்கு ஆறு பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, சுடச்சுட, பருப்புத் தண்ணீரோ பால்சொதியோ சிறிது சிறிதாக விட்டு அடித்து, அரிதட்டில் தேய்த்து எடுங்கள். ஆறினால் இறுகும், கட்டிலடியில் கொடுக்கும் நேரத்தில் திரும்பச் சரித்துப் பாருங்கள்.

பச்சைத் தண்ணீர் விட்டு இளக்குவதை நிறுத்துங்கள். இரண்டு அகப்பைச் சோறு தண்ணீர் சேர்ந்து மூன்று அகப்பை ஆகிறது, ஆள் ஒன்றரை அகப்பையில் போதும் என்கிறார், உள்ளே போனது பாதிச் சாப்பாடு. பால்மா, தேங்காய்ப்பால், அடித்த முட்டை இவற்றால் இளக்கினால் அளவு குறைந்தாலும் சத்துக் குறையாது. சிறுநீரக நோயாளி என்றால் பால்மாவும் தேங்காய்ப்பாலும் கேட்டுத்தான்.

மீனை மசிக்க முன்பு விரலால் உதிர்த்து முள் பாருங்கள். பாரை, கட்டா போன்ற சதைப்பிடிப்பான மீன் பரவாயில்லை. சூடை வேண்டவே வேண்டாம், மிக்சி அதன் முள்ளை ஊசியாக்கிவிடும்.

சோறு, மீன், பூசணிக்காய் எல்லாவற்றையும் ஒன்றாக அடித்துப் பழுப்பு நிறக் களியாகக் கொடுக்க வேண்டாம். தனித்தனியாக மசித்து மூன்று குவியலாக வையுங்கள். சாப்பிடுபவர் தான் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்து அறியவேண்டும், அது அவருடைய உரிமை. பலகையில் மீன்குழம்பு என்று இருந்தால் அவருடைய கோப்பையிலும் மீன்குழம்பு தனியாகத் தெரிய வேண்டும். நிமிர்த்தி இருத்திக் கொடுங்கள், சாப்பிட்டு முடிந்தும் 30 நிமிடம் படுக்க விட வேண்டாம்.

குளக்கட்டு:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. இரண்டு விசயம் இன்னும் முடிச்சாக் கிடக்கு. ஒண்டு, ஒரு அக்காவால கிட்னிக்கு, சீனிக்கு, சைவத்துக்கு எண்டு தனித்தனிப் பானை வைக்கேலாது. மற்றது, திவசச் சாப்பாடு கொண்டு வாற ஆக்களிட்டை வேண்டாம் எண்டு சொல்ல வாய் வருகுதில்லை.

கிடாரம்:

தனிப் பானை தேவையில்லை. அடிப்பானை ஒண்டு. எல்லாக் கறியையும் உப்பு, தூள் போடாமல், மச்சம் சேராமல் வேக வையுங்கோ. வெந்தவுடனே கிட்னி ஆக்களின்ரை பங்கை முதல் எடுத்து மூடுங்கோ, அவைக்கு மல்லி, சீரகம், மிளகு, தேசிக்காய்ப் புளியால ருசி ஏத்தலாம். பிறகு உப்பு அரைவாசி போட்டுப் பிரஷர் ஆக்களுக்கும் மசிக்கிறதுக்கும் எடுங்கோ. மிச்சத்துக்கு முழு உப்பும் தூளும். எடுக்கிற ஒழுங்கு மாறினால் எல்லாம் பிழை, போட்ட உப்பைத் திருப்பி எடுக்கேலாது. சைவ அகப்பையும் சட்டியும் வேறயா இருக்கவேணும். மீன்குழம்புக்குள்ள விட்ட அகப்பையைப் பருப்புக்குள்ள விட்டால் சைவ ஆக்கள் அண்டைக்குச் சாப்பிடமாட்டினம், அவையைக் குறை சொல்லேலாது.

கந்தசஷ்டி ஆறு நாளும், வற்றாப்பளைப் பொங்கல் வாற வைகாசியிலயும் சைவக் கணக்கு 6ல நிக்காது. மடுமாதாவைக் கும்பிடுற கத்தோலிக்க ஆக்கள் தவக்கால வெள்ளியில இறைச்சி தொடமாட்டினம். முதல்நாள் பின்னேரம் ஒருக்காக் கேட்டு எண்ணிக்கை எடுங்கோ. இன்சுலின் போடுறவை விரதம் எண்டால் கிளினிக்கில கேட்காமல் விட வேண்டாம்.

மூன்றாம்_வாட்டு:

சிறுநீரகம் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். மூன்று பேரையும் "கிட்னிச் சாப்பாடு" என்று ஒரே பெட்டிக்குள் போடாதீர்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு அதில் புரதம் போய்விடும், அதனால் மீனும் முட்டையும் கூடத் தேவை, தண்ணீருக்குக் கட்டுப்பாடு உண்டு. டயாலிசிஸ் இல்லாதவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். அட்டையில் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். வவுனியாப் பக்கம் இந்த வருத்தம் கூட, அதனால் இல்லங்களில் இப்படியான ஆட்கள் இனியும் வருவார்கள்.

பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் கீரை, கிழங்கு, மரக்கறியைச் சின்னனாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். இளநீர், செவ்விளநீர், வாழைப்பழம் வேண்டாம். "உப்புக் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, அது உப்பைவிட ஆபத்து. காமரங்காய் (வளவில் நின்றாலும்) இவர்களுக்குக் கொடுக்கவே கூடாது, மூளையைத் தாக்கி வலிப்பு வரலாம்.

ஏ9_ஓரம்:

திவசச் சாப்பாட்டுக்கு வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, அதற்கென்று ஒரு தாள் வைத்திருங்கள். குடுக்க விரும்புகிறவர் அழைக்கும்போதே அந்தத் தாளின் படத்தை அனுப்பிவிடுங்கள். அதில் மூன்று வழி: காசாகத் தந்தால் அன்றைய அட்டவணையை அவருடைய உறவினரின் பெயரில் நாங்கள் சமைக்கிறோம், அல்லது அரிசி, பருப்பு, மீன், பால்மா இன்ன அளவு, அல்லது சமைத்த சாப்பாடு என்றால் இன்ன சாமான், 12 மணிக்கு முன், இத்தனை பேருக்கு. முதல் வழியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். திவசம் குடுக்கிற பிள்ளைக்கு வேண்டியது தாயின் பெயரில் வயிறு நிறைந்ததென்ற நிறைவு. பலகையில் "இன்றைய மதிய உணவு இன்னாரின் நினைவாக" என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் அந்த நிறைவு கிடைக்கிறது. ஆட்களின் முகம் வராமல் எடுங்கள்.

சமைத்து வருவதில் பெரிய பயம் நேரம். காலை 7 மணிக்கு வவுனியாவில் கட்டிய பார்சல் மத்தியானம் ஒரு மணிக்குத் திறந்தால், இளஞ்சூட்டில் ஆறு மணித்தியாலம் இருந்திருக்கிறது. 5 முதல் 60 பாகை வரையான சூட்டில் கிருமி பெருகும், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது. ஆறின சோற்றில் பிறக்கும் ஒருவகை நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ச் சம்பலும் பால்கறியும் அதைவிட வேகமாகப் பழுதாகும். ஒரு சமையல் வெப்பமானி வாங்கி, வரும் சாப்பாட்டின் நடுவில் குத்திப் பாருங்கள், 60க்குக் கீழே இருந்து எப்போது சமைத்தது என்றும் தெரியாவிட்டால் பரிமாற வேண்டாம். அன்றைக்கு அவசரச் சாப்பாடாகப் பருப்பும் முட்டையும் எப்போதும் குசினியில் இருக்கட்டும். கொண்டு வந்தவரிடம் வெப்பமானியைக் காட்டினால் அவரே விளங்கிக்கொள்வார்.

ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு கறியிலும் ஒரு கரண்டி சுத்தமான மூடிப் போத்தலில் திகதி எழுதி, பிரிட்ஜில் மூன்று நாள் வையுங்கள். வயிற்றோட்டம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்கக் கையில் ஏதாவது இருக்கும். பாயசத்தைச் சீனி ஆட்களுக்கு முழுக்க மறுக்காதீர்கள், கால் கப் கொடுத்துச் சோற்றில் அரை அகப்பை குறையுங்கள்.

மெல்லுணவு:

பதிவைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு கொப்பியில் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்: இடப்பக்கம் அட்டவணை, வலப்பக்கம் உண்மையில் போனது. மாறியிருந்தால் காரணம் ஒரு சொல்லில்: மீன் வரவில்லை, கரண்ட் இல்லை, விசேட சாப்பாடு. பரிமாற முன்பு எழுத வேண்டும், பின்னேரம் நினைவிலிருந்து எழுதினால் அட்டவணையைத்தான் பார்த்து எழுதுவார்கள். மாதமுடிவில் ஒரே கறி நாலு தரம் மாறியிருந்தால் அந்தக் கறியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் மத்திய விதிகளில் முதியோர் இல்லங்கள் அட்டவணையை முன்கூட்டியே போட்டு அதன்படியே நடக்க வேண்டும் என்று இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே 14 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, இரவில் சத்தான சிற்றுண்டி கொடுத்து, இல்லத்தில் இருப்பவர்களின் குழுவும் சம்மதித்தால் 16 வரை என்றும் இருக்கிறது. நம் இல்லங்களில் இரவுச் சாப்பாடு 6 மணிக்கு, காலை 8.30க்கு. எண்ணிப் பாருங்கள். இரவு 8.30க்கு ஒரு கப் பாலும் பிஸ்கட்டும் கொடுங்கள், இன்சுலின் ஆட்களுக்கு இரவில் சீனி இறங்குவதையும் அது குறைக்கும்.

மாதம் ஒருதரம் எல்லாரையும் நிறுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 50 கிலோ ஆள் 47.5க்கு வந்தால், உடனே கிளினிக். நிற்க முடியாதவருக்கு மேற்கையின் நடுச் சுற்றளவை எடுங்கள், 23.5 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் மெலிவு இருக்கலாம்.

கிடாரம்:

கடைசியா, தம்பி, பலகையைச் சுவரில மேல அடிக்காதேங்கோ. சக்கர நாற்காலியில இருக்கிற ஆளின்ரை கண் மட்டத்துக்கு இறக்குங்கோ, எழுத்து உள்ளங்கை அகலம் இருக்கட்டும், கறுப்பில வெள்ளை. கண் தெரியாத ஆக்களுக்குக் காலமை தேத்தண்ணி குடுக்கேக்கையே "இண்டைக்கு மத்தியானம் மீன்குழம்பு" எண்டு சொல்லுங்கோ. மீன் வராட்டி 11 மணிக்குப் போய் "மீன் வரேல்லை, முட்டைக்குழம்பு" எண்டு திரும்பச் சொல்லவேணும்.